காவல் நாய்க்குக் கழிவு ஆயில் மருந்தாகுமா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் தோட்டங்களிலும் ஆட்டுப்பட்டிகளிலும் தவறாமல் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. மோட்டார் கொட்டகை ஓரத்தில் ஒரு நாய், உடம்பெல்லாம் கருப்பு எண்ணெய் வழியப் படுத்திருக்கும். டிராக்டரிலிருந்தோ பழைய என்ஜினிலிருந்தோ வடித்த கழிவு ஆயிலை அதன் மேல் ஊற்றியிருப்பார்கள். கேட்டால், "சொறி பிடித்துவிட்டது, அதற்கு இதுதான் மருந்து" என்பார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் நாய் இருக்காது. "எங்கேயோ போய்விட்டது" என்று பதில் வரும். எங்கே போயிற்று என்று யாரும் தேடுவதில்லை.

பசுவுக்கு மடிவீக்கம் கண்டால் பதறிப்போய் மருத்துவரை அழைக்கிறோம். ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும் என்று முன்கூட்டியே தடுப்பூசி போடுகிறோம். கோழிக்குக்கூட வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து தேடுகிறோம். ஆனால் இவை எல்லாவற்றையும் இரவெல்லாம் கண் விழித்துக் காக்கின்ற நாய்க்குத் தோலில் நோய் வந்தால், நம்மிடம் இருக்கும் வைத்தியம் மூன்றுதான். கழிவு ஆயில் ஊற்றுவது, பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தைப் பூசுவது, அதற்கும் அடங்காவிட்டால் ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவது. இந்த மூன்றையும் நாம் கைவிட வேண்டும். நாயின் மேல் இரக்கம் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. நம் வீட்டுக் குழந்தைகளின் நலனும், பண்ணையின் நலனும் இதில் அடங்கியிருக்கின்றன.

சொறி என்பது ஒரே நோய் அல்ல

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நாய் சொறிந்தால், முடி கொட்டினால், தோல் தடித்தால், எல்லாவற்றுக்கும் நாம் "சொறி" என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் நாயின் தோலில் அரிப்பு உண்டாக அரை டஜனுக்கும் மேற்பட்ட காரணங்கள் உண்டு. ஒன்றுக்கு ஆகும் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. சிலவற்றுக்கு அது கெடுதலாகவும் முடியும்.

தெள்ளுப்பூச்சி கடிப்பது ஒன்று. உண்ணி மற்றொன்று. கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவது மூன்றாவது. மயிர்க்கால்களில் வாழும் வேறொரு வகை நுண்பூச்சி பெருகிவிடுவது நான்காவது. படர்தாமரை என்னும் பூஞ்சணம் ஐந்தாவது. இவை தவிர ஒவ்வாமை, அதாவது நாம் அலர்ஜி என்று சொல்வது, தனி. அது சாப்பிடும் பொருளாலும் வரும், காற்றில் வரும் மகரந்தத்தாலும் தூசியாலும் வரும், தோலில் படும் பொருளாலும் வரும். இவற்றில் எது முதலில் வந்தாலும், நாய் சொறிந்து சொறிந்து தோலைப் புண்ணாக்கிக்கொண்ட பிறகு, கிருமிகள் புகுந்து சீழ்ப் புண்ணாக மாறிவிடும். நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். அப்போது எல்லா நாயும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எங்கே சொறிகிறது என்று பாருங்கள்

ஆகவே நோய் முற்றுவதற்கு முன்பே கவனிக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நாய் உடம்பின் எந்த இடத்தைச் சொறிகிறது, எந்த இடத்தைக் கடிக்கிறது, எந்த இடத்தை நக்குகிறது என்று இரண்டு நாள் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

வாலடியிலும் முதுகின் பின்பாதியிலும் திரும்பித் திரும்பிக் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். "எங்கள் நாயிடம் தெள்ளே இல்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்கு ஒன்றிரண்டு தெள்ளு கடித்தாலே போதும், நாள் கணக்கில் அரிக்கும். தெள்ளு இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பேன் சீப்பால் வாலடி முடியை வாரி, விழும் கரும்பொடியை நனைந்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது மண் அல்ல, தெள்ளின் கழிவு. தெள்ளு குடித்த இரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

காதின் ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, வயிற்றின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் முடி உதிர்ந்து, தோல் தடித்துச் செதில் கட்டி, இரவும் பகலும் ஓயாமல் சொறிந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். காதின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். நாய் தன்னையறியாமல் பின்னங்காலைச் சொறிவதுபோல் ஆட்டினால் சந்தேகம் வலுக்கிறது. இந்த நோய் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு விரைவில் தொற்றும். மனிதருக்கும் தொற்றும். நாயைத் தூக்கிக் கொஞ்சும் குழந்தைகளின் கையிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள் தோன்றும். நாயின் சொறிப்பூச்சி மனிதர் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. நாய்க்குச் சரியான சிகிச்சை செய்தால் குழந்தைக்கு வந்தது பெரும்பாலும் தானே அடங்கும். நாயை அப்படியே விட்டுவிட்டு, குழந்தைக்கு மட்டும் களிம்பு தடவிக்கொண்டிருப்பது வீண். தடிப்பு அடங்காவிட்டால் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டியது அவசியம்.

சில மாத வயதுக் குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்கால்களிலும் வட்ட வட்டமாக முடி கொட்டி, ஆனால் அரிப்பு அதிகம் இல்லாமல் இருந்தால் அது மயிர்க்கால் பூச்சியாக இருக்கலாம். இந்தப் பூச்சி நல்ல நாய்களின் தோலிலும் கொஞ்சம் இருக்கவே செய்கிறது. தாய்ப்பால் குடிக்கும் முதல் நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் தலையெடுக்கிறது. இது மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால், குடற்புழு நீக்கி, நல்ல தீனி கொடுத்து வந்தாலே பெரும்பாலான குட்டிகள் தாமாகத் தேறிவிடும். உடம்பெங்கும் பரவினால் நீண்ட சிகிச்சை வேண்டியிருக்கும். "சொறிக்குட்டி" என்று பெயர் சூட்டி எறியப்படும் குட்டிகளில் பல, இப்படித் தானே தேறக்கூடியவைதான் என்பதை எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

பாதங்களை ஓயாமல் நக்குவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, அக்குளும் வயிறும் சிவந்துபோவது, அடிக்கடி காது நாறுவது ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வந்து போனால் மகரந்தமோ புல்லோ காரணமாக இருக்கலாம். ஆண்டு முழுவதும் இருந்தால் வீட்டுத் தூசியையோ தீனியையோ சந்தேகிக்கலாம். ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் மூன்று வயதிற்கும் இடையில்தான் முதலில் தலைகாட்டும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற சீமை நாய்களிடம் இது அதிகம். அடர்ந்த முடியுள்ள சீமை நாயை ஆசைப்பட்டு வாங்கி, நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் கட்டிப்போடுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். காவலுக்குத்தான் நாய் வேண்டும் என்றால், குட்டைமுடி கொண்ட நம் கோம்பையும் சிப்பிப்பாறையும் இராஜபாளையமும் இருக்கும்போது வேறு எதற்கு?

ஒரே ஒரு பாதத்தை மட்டும் நக்கினால் ஒவ்வாமை என்று முடிவு கட்டுவதற்கு முன் விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். நெருஞ்சி முள்ளோ ஊசிப்புல்லின் கூரோ அங்கே புதைந்திருக்கக்கூடும். வட்டமாக முடி கொட்டி, ஓரத்தில் செதில் கட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அதுவும் குழந்தைகளுக்குத் தொற்றக்கூடியதே.

கழிவு ஆயில் செய்யும் கேடு

"என் அப்பா காலத்திலிருந்து ஆயில்தான் ஊற்றுகிறோம், குணமாகத்தானே செய்கிறது" என்று கேட்கும் விவசாயிகளின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. எண்ணெய்ப் பசையில் மேல் தோலில் உள்ள சில பூச்சிகள் மூச்சு முட்டிச் சாகும் என்பதும், தானே தேறியிருக்கக்கூடிய நாய்கள் ஆயில் ஊற்றிய பிறகு தேறின என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் தோலுக்குள் வளை தோண்டியிருக்கும் பூச்சியை அது ஒழிப்பதில்லை. ஒவ்வாமைக்கோ படர்தாமரைக்கோ அது எந்த விதத்திலும் மருந்தல்ல.

மாறாக, என்ஜினில் ஓடி எரிந்த ஆயிலில் பெட்ரோலியக் கழிவுகளும் தேய்ந்த உலோகத் துகள்களும் கலந்திருக்கின்றன. புண்ணான தோல் வழியே அவை உடம்புக்குள் இறங்குகின்றன. அதைவிட முக்கியம், நாய் தன் உடம்பை நக்கியே தீரும். நாம் பூசுவது எதுவானாலும் அதில் ஒரு பகுதி அதன் வயிற்றுக்குப் போகிறது. நாய்க்குப் பூசும் மருந்தெல்லாம் நாய் தின்னும் மருந்தே என்று வைத்துக்கொண்டால், எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது என்பது தானே விளங்கும். மண்ணெண்ணெய் தோலை வெந்ததுபோல் ஆக்கிவிடும். பினாயில் தரை கழுவத்தானே தவிர, நாய் கழுவ அல்ல.

பூச்சி மருந்து விஷயம் இன்னும் கொடியது. ஒரு காலத்தில் பி.எச்.சி. தூளை நாய் மேல் தூவாத கிராமம் இல்லை எனலாம். அந்த மருந்து 1997-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. தெள்ளுக்கென்று பலர் தூவிய கார்பரில் தூளும், மீதைல் பாரத்தியானும் 2018-ல் தடை செய்யப்பட்டன. தடை வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. பருத்திக்கும் கத்திரிக்கும் அடித்தது போக டப்பாவில் மிச்சம் இருப்பதைத் தண்ணீரில் கலந்து நாய் மேல் ஊற்றுகிறார்கள். வாயில் நுரை, எச்சில் ஒழுகல், உடல் நடுக்கம், வலிப்பு, சாவு என்று அரை நாளில் கதை முடிந்துவிடுகிறது. "சொறி முற்றிச் செத்துவிட்டது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அதைக் கொன்றது சொறி அல்ல.

ஆட்டு மருந்தை நாய்க்குப் போடலாமா?

இப்போது புதிதாக ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் ஐவர்மெக்டின் மருந்தை, மருந்துக் கடையில் வாங்கித் தாங்களே நாய்க்கும் போட்டுவிடுகிறார்கள். இந்த மருந்து சொறிப்பூச்சிக்குச் சக்தி வாய்ந்தது என்பது உண்மை. மருத்துவர்களும் தேவை அறிந்து நாய்க்கு அதை உபயோகிக்கிறார்கள். ஆபத்து அளவில் இருக்கிறது. ஒரு சதவீத ஊசி மருந்தில் 1 மில்லி என்பது 50 கிலோ எடையுள்ள மாட்டுக்கு உரிய அளவு. நம் நாட்டு நாய் ஒன்றின் எடை 15 கிலோவோ 20 கிலோவோ இருக்கும். கண் மதிப்பில் ஒரு மில்லி ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அளவு மிஞ்சினால் நாய் தள்ளாடும், எச்சில் ஒழுகும், கண் பார்வை மங்கும், நினைவு தப்பும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. கோலி வகை நாய்களிலும் அவற்றின் கலப்பினங்களிலும் மிகக் குறைந்த அளவே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இதயப்புழு உள்ள நாய்க்கும் தொல்லை நேரலாம். ஆகவே எடை போட்டு, மருத்துவர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும்.

நீரில் கலந்து பூசும் அமிட்ராஸ் மருந்தும் அப்படியே. சொல்லப்பட்ட அளவுக்கு மேல் கலந்தாலும், காயும் முன் நாய் நக்கினாலும் மயக்கம் உண்டாகி இதயத் துடிப்பு குறையும். நாயின் மேல் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தை வீட்டுப் பூனைக்கும் விட்டுவிட்டால் பூனையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி, மயிர்க்கால் பூச்சி ஆகிய நான்கிற்கும் இவை கேட்கின்றன. முதல் மருந்தின் ஒரு மாத்திரை தெள்ளு, உண்ணியைச் சுமார் 12 வாரமும், இரண்டாவது ஒரு மாதமும் அடக்கி வைக்கும். விலை கூடுதல்தான். வலிப்பு வந்த நாய்க்கு மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது. ஆனால் மாதக் கணக்கில் பலதையும் பூசிப் பார்த்துப் பணத்தைக் கரைப்பதோடு ஒப்பிட்டால், இது அதிகச் செலவு என்று சொல்ல முடியாது.

ஒரே ஊசியில் குணமா?

இன்னொரு தவறு நம்முடைய அவசரத்தால் வருகிறது. மருத்துவரிடம் போனவுடன், "ஐயா, ஒரே ஊசியில் நிற்க வேண்டும்" என்று கேட்கிறோம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே சொறிவது நின்றுவிடும். நமக்கும் திருப்தி. ஆனால் அரிப்பு நின்றது என்றால் நோய் நின்றது என்று பொருள் அல்ல. சொறிப்பூச்சி உள்ள நாய்க்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால், அரிப்பு தெரியாமல் இருக்கும்போதே பூச்சி பெருகும். மயிர்க்கால் பூச்சியோ படர்தாமரையோ உள்ள நாய்க்கு அது நோயை உடம்பு முழுவதும் பரப்பிவிடும். அடிக்கடி போட்டால் நாய்க்குத் தாகம் கூடும், சிறுநீர் மிகுதியாகப் போகும், உடம்பு ஊதும், எதிர்ப்புச் சக்தி குறையும். ஒவ்வாமைக்கு அந்த மருந்து சில வேளை அவசியமே. ஆனால் பூச்சி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து அது.

தோல் நோய் சிகிச்சையில் பொறுமைதான் பாதி மருந்து. சொறிப்பூச்சியின் முட்டை பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். முதல் தடவை கொடுத்த மருந்துக்குத் தப்பிய முட்டைகள் பிறகு பொரிக்கும். அதனால்தான் மருத்துவர் இரண்டாம், மூன்றாம் தடவை வரச் சொல்கிறார். நாம் முதல் தடவையோடு நின்றுவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்று மருத்துவரைக் குறை கூறுகிறோம். அதுபோல, பட்டியில் நான்கு நாய் இருந்தால் நான்குக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை செய்ய வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதுவே மற்ற மூன்றுக்கும் திரும்பக் கொடுத்துவிடும்.

கைவைத்தியம் எதுவரை?

வேப்பிலை கொதிக்க வைத்த நீரை ஆறவைத்துக் குளிப்பாட்டுவதும், சிறு புண்ணுக்கு மஞ்சள் தடவுவதும் நம் முன்னோர் கண்ட வழிகள். இலேசான அரிப்புக்கு இவை இதமானவை. கந்தகம் சேர்ந்த மருந்துகளும் சொறிப்பூச்சிக்கு உண்மையிலேயே வேலை செய்கின்றன. கால்நடை மருத்துவத்திலும் கந்தகச் சுண்ணாம்பு நீர் உபயோகத்தில் உண்டு. ஆகவே நாட்டு வைத்தியம் அனைத்தும் பொய் என்று சொல்வது என் நோக்கம் அல்ல. ஆனால் கலப்பதற்கு அளவு தெரியாமல், கைக்கு வந்தபடி குழைத்துப் பூசக் கூடாது. கலப்பில்லாத வேப்பெண்ணெயே சில நாய்களுக்கு எரிச்சல் கொடுக்கும். பத்து நாள் பார்த்தும் குறையவில்லை என்றாலும், சீழ், இரத்தம், துர்நாற்றம், புழு இவற்றில் ஒன்று கண்டாலும் கைவைத்தியத்தோடு நிற்கக் கூடாது.

நாம் குளிக்கும் சோப்பையும் துணி சோப்பையும் நாய்க்குப் போடுவது நல்லதல்ல. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. சோப்பின் காரம் அதை வறளச் செய்து அரிப்பைக் கூட்டும். நாய்க்கென்று உள்ள ஷாம்புவைத் தேய்த்தால், பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். காதிலும் விரல் இடுக்கிலும் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

தீனியைப் பொறுத்தவரை, "பால் சோறு கொடுத்ததால் சொறி வந்தது", "கறி கொடுத்ததால் வந்தது" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை சில நாய்களுக்கு ஒவ்வாமை தருவது உண்மைதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, அந்த நாய் இதுவரை தின்னாத ஒரு புரதமும் ஒரு தானியமும் மட்டும் எட்டு வாரம் தொடர்ந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு துண்டு ரொட்டி போட்டாலும் சோதனை கெட்டது. தெருவெல்லாம் சுற்றும் நாய்க்கு இது எளிதல்ல. ஆகவே தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி இல்லை என்று தெளிவான பிறகுதான் தீனியின் மேல் பழி போட வேண்டும்.

இடத்தையும் சுத்தம் செய்யுங்கள்

நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, அது படுக்கும் சாக்கை அப்படியே விட்டுவிடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. தெள்ளு நாயின் மேல் இடும் முட்டை தரையில் உதிர்ந்துவிடுகிறது. புழு புழுதியில் வளர்ந்து கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் மாதக் கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு கேட்டால் வெளியே வரும். நெடுநாள் பூட்டிக் கிடந்த மோட்டார் கொட்டகையைத் திறந்தவுடன் நம் காலில் தெள்ளு ஏறுவதன் காரணம் இதுதான். நாய் உண்ணியும் அப்படியே. இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

ஆகவே படுக்கைச் சாக்கைக் கொதிநீரில் நனைத்து வெயிலில் காயவைக்க வேண்டும், அல்லது எரித்துவிட வேண்டும். படுக்குமிடத்தைப் பெருக்கி, குப்பையை எரிக்க வேண்டும். சுவர் வெடிப்புகளை அடைத்து வெள்ளையடிக்க வேண்டும். உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். உண்ணி அரிப்பு மட்டும் தருவதில்லை, இரத்தத்தில் நோயையும் ஏற்றிவிடும். உண்ணி மொய்த்த நாய் தீனி எடுக்காமல் காய்ச்சலில் கிடந்தால், அல்லது மூக்கில் இரத்தம் வந்தால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சொறி நாய் வெறி நாய் அல்ல

முடியெல்லாம் கொட்டி, தோல் கருத்து, எலும்பு தெரியும் நாயைக் கண்டதும் "வெறி நாய்" என்று கல்லால் அடிப்பது பல ஊர்களில் நடக்கிறது. சொறி வேறு, வெறி வேறு. சொறியால் வெறி வருவதில்லை. வெறிநோய்க்குத் தடுப்பூசிதான் காப்பு. குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் தவணையில் தொடர வேண்டும். சொறி உள்ள நாயானாலும் இல்லாத நாயானாலும், கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது தனி விஷயம்.

இங்கே சட்டமும் உண்டு. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த பிராணியைப் பட்டினியால் வாடும்படி கைவிடுவது குற்றம். ஊர் எல்லையில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் விட்ட சொறி நாய் அடுத்த ஊருக்குத்தான் போகிறது. அந்த ஊர்க்காரர் விட்ட நாய் நம் ஊருக்கு வருகிறது. இப்படி விரட்டுவதால் நோய் ஒழிவதில்லை, ஊர் ஊராகச் சுற்றுகிறது.

மருந்தகங்கள் செய்ய வேண்டியது

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாயை மருந்தகத்துக்குக் கொண்டுபோனவர்களில் சிலருக்கு, "ஆடு மாட்டைப் பார்க்கவே நேரம் இல்லை, நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்களே" என்ற பேச்சு கிடைத்திருக்கிறது. ஒரு முறை அப்படிக் கேட்டவர் மறுமுறை போகமாட்டார். கழிவு ஆயிலைத்தான் தேடுவார்.

கால்நடை மருந்தகங்களில் வேலைப் பளு அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு பிளேடு, ஒரு சொட்டு எண்ணெய், ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு நுண்ணோக்கி போதும். சில நிமிட வேலை. மயிர்க்கால் பூச்சி இருந்தால் பெரும்பாலும் இதில் தெரிந்துவிடும். சொறிப்பூச்சி சில சமயம் அகப்படாது. அப்போதும் அடையாளங்களை வைத்து மருத்துவர் சிகிச்சை தொடங்குவார். ஒவ்வொரு மருந்தகத்திலும் வாரத்தில் ஒரு வேளையை நாய்களுக்கென்று ஒதுக்கி, அதைப் பலகையில் எழுதி வைக்கலாம். கால்நடை முகாம்களில் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் அதே நேரத்தில் தோலையும் பார்த்து, பூச்சி மருந்தும் கொடுத்தனுப்பலாம். நாய் எப்படியும் கயிற்றில் பிடித்து வரப்பட்டுவிட்டது, இன்னொரு நாள் வரச் சொல்வானேன்? ஆடு மாட்டு மருந்துக்கு நிதி ஒதுக்குவதுபோல், பட்டி நாய்களின் மருந்துக்கும் சிறு தொகை ஒதுக்க வேண்டும். அது குழந்தைகளின் தோல் நோயையும் தடுக்கும் செலவு என்பதால், ஊராட்சிகளும் இதில் பங்கெடுக்கலாம்.

முற்றிய நோய்களுக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. வேப்பேரிக் கல்லூரி 1903-லிருந்து நடந்து வருவது. அங்கு போனால் நாயையும் பார்ப்பார்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

செலவுக் கணக்கு

கடைசியில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நாய்க்குப் போய் இவ்வளவு செலவா?" நியாயமான கேள்வி. இராஜபாளையம் நாயின் படத்தை 2005-ல் தபால்தலையில் போட்டுச் சர்க்கார் பெருமைப்படுத்தியது. தபால்தலைப் பெருமை நம் தோட்டத்துக் காவலுக்கு உதவாது. ஆகவே கணக்காகவே பார்ப்போம்.

கடலைக் காட்டில் இரவில் பன்றி இறங்கினால் முதலில் குரைப்பது நாய். பட்டியில் நரி புகுந்தாலும், கிணற்று மோட்டாரின் ஒயரை அறுக்கத் திருடன் வந்தாலும் அப்படியே. ஓர் ஆட்டின் விலை என்ன, ஒரு மோட்டாரின் விலை என்ன என்பது நமக்குத் தெரியும். அரிப்பால் இரவெல்லாம் உட்கார்ந்து சொறியும் நாய் காவல் காக்காது. வலியில் இருக்கும் நாய் சிடுசிடுத்து வீட்டாரையே கடிக்கும். அதை விரட்டிவிட்டுப் புதுக் குட்டி எடுத்தால், அது காவலுக்கு ஆக ஒரு வருஷம் பிடிக்கும். அந்தக் குட்டியும் பழைய நாய் படுத்த அதே சாக்கில்தானே படுக்கப் போகிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் முன், இந்த வாரத்தில் ஒரு நாள் மாலை, நாயைப் பிடித்து உட்கார வைத்து, காதோரம், வாலடி, அக்குள், விரல் இடுக்கு ஆகிய நான்கு இடங்களையும் முடியை விலக்கிப் பாருங்கள். தெள்ளோ உண்ணியோ செதிலோ கண்டால் கயிற்றைக் கட்டி மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். போகும்போது இதுவரை என்னென்ன பூசினீர்கள், எந்த ஊசி போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கழிவு ஆயில் டப்பா மட்டும் மோட்டார் கொட்டகையிலேயே இருக்கட்டும்.